பச்சைப் புள்ளி வைத்த எறும்பு முட்டை

அட்மின் சார், நீங்கள் பொய் சொன்னீர்கள். கேன்டீன் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு ஷிஃப்ட் ஆட்கள் மொத்தமும் கேட்கும்படி, என்னைக் கை காட்டிச் சொன்னீர்கள்.

உங்கள் பெயரோடுதான் எழுதிக் கொடுத்தேன். பத்திரிகை ஆசிரியர் அடித்துவிட்டார். கம்பெனி பெயரையும் அடித்துவிட்டார். பரவாயில்லை. அன்று அங்கே சாப்பிட்டவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரியும். மற்றவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை மதியம். நான் ஓசூரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் கேன்டீனில் மாஸ்டர். அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். சமையலறைக்கும் பரிமாறும் இடத்துக்கும் நடுவே ஒரு ஜன்னல் உண்டு. அதில் செல்வராஜ் தலையை நீட்டினான். வெல்டிங் செக்‌ஷன். பழனிக்கு நடந்து போக மாலை போட்டிருந்தான். யூனிஃபார்ம் சட்டைக்கு மேலே காவித் துண்டு.

"மாஸ்டர், அந்த மெக்சிகோ ஜவ்வரிசி இன்னும் கொஞ்சம் கெடைக்குமா? ரெண்டு வாட்டி வாங்கிட்டேன். இப்ப பாத்திரம் காலி."

"என்ன ஜவ்வரிசி?"

"அதான், வெங்காயம், பச்ச மொளகா எல்லாம் போட்டு வெண்ணெயில செஞ்சிருக்கீங்களே. பால் வாசம் அடிக்குது. நல்லாகீது மாஸ்டர்."

அன்று நான் ஜவ்வரிசியில் எதுவும் செய்யவில்லை. செல்வராஜைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எண்ணெயில் அப்பளம் கறுத்துப்போய்விட்டது.

லூபே மேடம்

எங்கள் கம்பெனிக்கு மெக்சிகோவிலும் ஒரு பிளான்ட் இருந்தது. ஓசூரில் புது லைன் போடுவதற்கு அங்கிருந்து ஒரு பெண் என்ஜினியர் வந்தார். பெயர் லூபே. சில மாதம் இருந்தார். வந்த புதிதில் அவருக்கென்று தனியாக ரொட்டி, வேகவைத்த காய் என்று கொடுக்கச் சொன்னார்கள். அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டுத் தயிர்சாதத்துக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். இது என் ஆள் என்று அன்றே முடிவு செய்தேன்.

மதிய நெரிசல் அடங்கியதும் சமையலறைக்கு வருவார். கறிவேப்பிலை, புதினா, வெந்தயக்கீரை, எது இருந்தாலும் கசக்கி மோந்து பார்ப்பார். அவருக்கும் எனக்கும் இங்கிலீஷ் அரைகுறை. அது வசதியாக இருந்தது. யாரும் யாரையும் திருத்தவில்லை.

ஒருநாள் போனில் ஒரு படம் காட்டினார். தட்டில் வெள்ளை வெள்ளையாக ஏதோ குவிந்திருந்தது. ஜவ்வரிசியா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, மேடைமேல் விரல்களை எறும்பு மாதிரி ஓடவிட்டார்.

எறும்பு முட்டை. எஸ்கமோல் என்று அதற்குப் பெயர் சொன்னார்.

அவர் ஊர்ப்பக்கம் கற்றாழை வேருக்கு அடியில் எறும்பு கூடு வைக்குமாம். எந்தக் கற்றாழை என்று கேட்டேன். நம் தளி ரோட்டில் வேலியாக நிற்கிறதே, முள் வைத்த பெரிய ரயில் கற்றாழை, அதன் சொந்தக்கார ஜாதி. மண்ணைத் தோண்டிக் கடி வாங்கிக்கொண்டே எடுப்பார்களாம். முட்டை என்று சொன்னாலும் பெரிதாகத் தெரிவது முட்டை இல்லையாம். அதற்குள் எறும்பு பாதி உருவாகி இருக்குமாம். வெண்ணெயில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, இதைப் போட்டுப் பிரட்டி, ஏதோ ஒரு தழையைக் கிள்ளிப் போட்டு, சோள ரொட்டியில் சுருட்டிச் சாப்பிடுவார்களாம். பெரிய ஓட்டல்களில் யானை விலையாம்.

மழைக்கு முந்திய வெயில் நாளில்தான் கிடைக்கும். ஈஸ்டருக்கு முன்னால் அவர்களுக்கு நோன்பு நாள். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமைகளில் அவர் அம்மா இதைச் சமைப்பாராம். எறும்பு அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை.

இதை நீங்களும் கேட்டீர்கள், அட்மின் சார். பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். கேட்டதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனீர்கள்.

கேன்டீனில் மூன்று சாதி

வெளியே எத்தனை சாதி இருந்தாலும் கேன்டீனில் மூன்றுதான். சைவம், முட்டை, கறி. சைவப் பாத்திரத்துக்குமுன் பச்சைப் புள்ளி வைத்த அட்டை. கறிக்குச் சிவப்பு. முட்டைக்கு என்ன நிறம் என்று என் காலத்தில் கடைசிவரை முடிவாகவில்லை. ஒரு வருஷம் மஞ்சள் வைத்தார்கள். லெமன் சாதம் என்று நினைத்து ஒருவர் எடுத்துவிட்டார். சண்டை வந்தது.

ஆம்லெட் போடத் தனிக் கல். அதன் கைப்பிடியில் சிவப்பு பெயின்ட் அடித்து ஆணியில் மாட்டியிருந்தேன். வெள்ளிக்கிழமை அது இறங்காது. ஒரு புத்தாண்டுக்குக் கேக்கில் முட்டை இருக்கிறதா இல்லையா என்று லைன் நின்றுபோகும் அளவுக்குப் பேச்சு நடந்தது. கேக்கைத் தின்றுவிட்டுத்தான் பேசினார்கள் என்பது வேறு விஷயம்.

என் ஊர் விருதுநகர் பக்கம். மழை விட்ட சாயங்காலம் ஈசலைப் பிடித்து, இறக்கை போகப் புடைத்து, பொரியோடு வறுத்துத் தின்றவன் நான். கிருஷ்ணகிரிப் பக்கமும் தின்கிறார்கள். கேன்டீனில் கேட்டால் எங்க வீட்ல இல்லீங்க, பக்கத்து வீட்ல என்பார்கள். பக்கத்து வீட்டைக் கேட்டால் அவரும் அதையே சொல்வார்.

யார் எதைத் தின்றாலும் எனக்கு ஒன்றும் இல்லை. தின்கிறவனுக்குத் தான் தின்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். சமையல்காரனுக்கு இதைவிடப் பெரிய ஆச்சாரம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. மாலை போட்டவர்களுக்குத் தனியாகக் கரண்டி வைத்தேன், தனியாகத் தண்ணீர் வைத்தேன். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. அவர்களுக்கு இருந்தது.

ஒரே பிளேட்டு

லூபே மேடம் ஊருக்குக் கிளம்பும் வாரம் நீங்கள் சமையலறைக்கு வந்தீர்கள்.

"மாஸ்டர், வெள்ளிக்கிழம ஹெட் ஆஃபீஸ்லேந்து வர்றாங்க. மேடத்துக்கு அன்னிக்குதான் ஃபேர்வெல். அவங்க ஊரு ஐட்டம் ஒண்ணு வச்சா நமக்கு கெத்து. அந்த எறும்பு மேட்டர செஞ்சுடுங்க."

"வெள்ளிக்கிழமையா? அன்னிக்கு முட்டையே கிடையாதே சார்."

"அவங்க விரதத்துக்கே சாப்பிடுறதுங்கறாங்க. நீங்க என்ன மாஸ்டர்?"

"அவங்க விரதம் வேற சார். இவங்க விரதம் வேற."

"ஒரே பிளேட்டு. கெஸ்ட் ரூம்ல வச்சு மேடத்துக்கு மட்டும். வெளிய போகாது."

கெஸ்ட் ரூம் என்றதால் ஒத்துக்கொண்டேன். என் வீட்டு இரும்புச் சட்டியைக் கொண்டுவருவேன், பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் தனி அடுப்பு வைத்துச் செய்வேன் என்றேன். எப்படியோ செய்யுங்கள் என்றீர்கள்.

சாமானுக்கு மாதையனைப் பிடித்தேன். தளியிலிருந்து எங்களுக்குக் காய் ஏற்றிவரும் வேன் அவனுடையது. ஊர் அஞ்செட்டிக்கு உள்ளே. அவன் வீட்டில் முசுறு முட்டை சட்னி உண்டு. முசுறு என்பது மா மரத்தில் இலைகளைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. மாங்காய் பறிக்க ஏறினவர்களுக்கு அதன் கடி தெரியும்.

விஷயத்தைச் சொன்னதும் மாதையன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அது இன்னாத்துக்கு மாஸ்டர் கம்பெனிக்கு? என் டப்பாவுல இருந்தப்ப உங்க வாட்ச்மேன் மூக்கப் பொத்திக்கினு ஓடுனான்."

"மெக்சிகோக்காரங்களுக்குடா."

"அப்ப சரி. அவங்க துன்னா நாத்தம் அடிக்காது."

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தூக்குப் பாத்திரம் நிறையக் கொண்டுவந்தான். கூட்டை அறுத்துப் போட்டு, அரிசி மாவு தூவி முறத்தில் கொட்டினால் எறும்பு பிடி விட்டு ஓடிவிடுமாம், முட்டை தங்குமாம். அவன் கை இரண்டும் தடித்திருந்தது. மரத்துக்கு ஒரு கூட்டையாவது தொடாமல் விட்டு வந்தேன் என்றான். லூபே மேடமும் கூட நின்று பார்க்க வந்திருந்தார். அவரிடம் இதை எப்படியோ சைகையில் சொன்னேன். அவர் குனிந்து தரையில் பள்ளம் தோண்டுவது மாதிரி காட்டி, பிறகு புல்லை அள்ளி மூடுவது மாதிரி காட்டினார். அவர்களும் கூட்டை மூடிவிட்டுத்தான் வருவார்களாம். மாதையன் ஓ என்றான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேசத் தெரியவில்லை.

வெண்ணெய் உருகியதும் வெங்காயம், பிறகு மிளகாய். முட்டை விழுந்ததும் சின்னதாகச் சடசடவென்று ஒரு சத்தம். பச்சை நிலக்கடலையை அரைத்துப் பிழிந்த பால் மாதிரி வாசம். பின்னால் லேசான புளிப்பு. அவர் ஊர்த் தழைக்குப் பதில் என்ன போடலாம் என்று கேட்டேன். வரிசையாக மோந்துவிட்டு ஓமவல்லியைக் கையில் கொடுத்தார். ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்தார். எங்கள் எறும்பு வேறு, இது புளிக்கிறது என்றார். சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டார்.

நானும் ருசி பார்த்தேன். நன்றாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

தூக்கில் இருந்ததை மொத்தமாகச் செய்துவிட்டேன், அது வைத்திருந்தால் கெட்டுப்போகும். சட்டியை மூடி உங்கள் கையில் கொடுத்தேன், சார். கெஸ்ட் ரூமுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தேன். பிறகு அப்பளம் பொரிக்கப் போனேன்.

ஜன்னலுக்கு வெளியே

சட்டி கெஸ்ட் ரூமுக்குப் போகவில்லை. பரிமாறும் கிரிஜா பிற்பாடு சொன்னதுதான் இது. ஹெட் ஆஃபீஸ் ஆட்கள் தொழிலாளர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதாகக் கடைசி நேரத்தில் முடிவு ஆகியிருக்கிறது. போட்டோ எடுக்க நன்றாக இருக்கும் என்று நீங்கள் சட்டியை வரிசையின் நடுப் பாத்திரத்தில் கவிழ்த்துவிட்டீர்கள். என்ன எழுதிவைப்பது என்று கிரிஜா கேட்டிருக்கிறாள். எறும்பு என்று போட்டால் எவனும் கிட்டே வரமாட்டான், மெக்சிகோ ஜவ்வரிசி என்று போடு என்றீர்கள். எந்தப் புள்ளி சார் என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"விரதச் சாப்பாடுதான, பச்சை வையி."

அவள் கை நின்றிருக்கிறது. நீங்களே அட்டையை வாங்கிப் பச்சைப் புள்ளி வைத்தீர்கள்.

இப்போது ஜன்னலுக்கு வருகிறேன். செல்வராஜ் தட்டோடு நிற்கிறான். நான் வெளியே எட்டிப் பார்த்தேன். அட்டை தெரிந்தது. பாத்திரம் காலி. மாலை போட்ட வெல்டர்கள் ஒரு மேஜை நிறைய உட்கார்ந்து தட்டை வழித்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ பேர் எனக்குப் புத்தி சொன்னார்கள். அவர்கள் வாழட்டும்.

"செல்வராஜு, அது ஜவ்வரிசி இல்ல. எறும்பு முட்டை."

அவன் முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். தட்டை ஜன்னல் திண்டில் வைத்தான்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழம, மாஸ்டர்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஒருவன் வாந்தி எடுத்தான். அதைப் பார்த்து இன்னும் சிலர். பெஞ்ச் சாய்ந்தது. ஹெட் ஆஃபீஸ் ஆட்கள் எழுந்து நின்றார்கள். நீங்கள் மைக்கை எடுத்தீர்கள். கேன்டீன் மாஸ்டர் மேனேஜ்மென்ட்டுக்குத் தெரியாமல் தன் இஷ்டத்துக்குச் செய்துவிட்டார், ஆக்‌ஷன் எடுக்கிறோம் என்றீர்கள். என்னைக் கை காட்டினீர்கள். என் கையில் ஜல்லிக் கரண்டி இருந்தது. பார்க்கிறவனுக்கு அதுவே சாட்சியாக இருந்திருக்கும்.

கிரிஜா வாயைத் திறக்கவில்லை. கான்ட்ராக்ட் வேலை, வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. அவளை நான் எதுவும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன்.

லூபே மேடம் தட்டில் இருந்ததைத் தொடாமல் எழுந்து வந்தார். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டார். தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். விரதம், வெள்ளிக்கிழமை, எறும்பு. அவர் நெற்றியைச் சுருக்கினார். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது, சேர்த்தால் புரியவில்லை.

"ஆனால் இன்றைக்கு வெள்ளிக்கிழமைதானே?" என்றார்.

செல்வராஜ் சொன்ன அதே பேச்சு. அவன் சாப்பிட்டிருக்கக்கூடாது என்பதற்குச் சொன்னான். அவர் சாப்பிடலாமே என்பதற்குச் சொன்னார். நடுவில் ஒரு மனுஷன் இருந்து இரண்டு பேருக்கும் விளக்கியிருக்க வேண்டும். இருந்த மனுஷன் நீங்கள். பச்சைப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

எறும்பு மாஸ்டர்

சாயங்காலமே என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மாதையன் வேன் கேட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். செல்வராஜ் அன்றே மாலையைக் கழற்றினான். பழனிக்குப் போகவில்லை.

அவன் மாலை போட்டது மனைவியின் பிரசவத்துக்கு. பல வருஷம் கழித்துத் தங்கிய கரு. எனக்கு இது அப்போது தெரியாது.

ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மெஸ் போட்டேன். காய் இன்றைக்கும் மாதையன்தான் கொண்டுவருகிறான். வியாபாரம் குறைவில்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. "மாஸ்டர், ரசத்துல நீந்துறது சீரகமா, அதுவா?" என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் இலையில் கை வைப்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் என் தம்பியிடம், எறும்பு மாஸ்டர் உங்க அண்ணனா என்று கேட்டிருக்கிறார்கள். நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். சொன்னால் இன்னும் சிரிக்கிறார்கள்.

செல்வராஜ் என் மெஸ் வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவான். ரோட்டின் அந்தப் பக்கம் நடப்பான். இவ்வளவு வருஷமும் அந்தப் பக்கமே நடந்தான்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன்

சில வாரங்களுக்கு முன்னால் ரோட்டைத் தாண்டி வந்தான். மதியம் பந்தி முடிந்து மேஜை துடைத்துக்கொண்டிருந்தோம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. போனை எடுத்து நீட்டினான்.

"இதப் பாருங்க மாஸ்டர்."

போனில் நீங்கள் இருந்தீர்கள், அட்மின் சார். ஏதோ ஒரு கேட்டரிங் காலேஜ் விழா. பொன்னாடை போட்டிருந்தார்கள். இப்போது ரிட்டையர் ஆகிவிட்டீர்களாம். உலகச் சாப்பாடு பற்றிப் பேசினீர்கள்.

"எஸ்கமோல்னு ஒரு மெக்சிகன் டெலிகசி. ஓசூருக்கு அத மொதல்ல கொண்டுவந்ததே நான்தான். எங்க கேன்டீன் மாஸ்டருக்குப் பக்கத்துலயே நின்னு நான் சொல்லிக் குடுத்தேன். வர்க்கர்ஸ் ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க."

பிள்ளைகள் கை தட்டினார்கள்.

செல்வராஜ் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அப்புறம்தான் உட்கார்ந்தான். பெண் குழந்தை பிறந்தது, ஸ்கூலுக்குப் போகிறாள், நன்றாக இருக்கிறாள் என்றான். ஆனால் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் எறும்புப் பேச்சு வருமாம். மாலை போட்டுக்கொண்டு நாக்கை அடக்காதவன் என்று மாமியார் சொல்வாராம். ரெண்டு தடவை வாங்கித் தின்றதை இவனே வீட்டில் சொல்லியிருக்கிறான்.

"உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. அவருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டுந்தான் தெரியாம இருந்திருக்கு, இல்ல மாஸ்டர்?"

ஆமாம் என்றேன். மோர் கொடுத்தேன். குடித்தான். போகும்போது ரோட்டின் இந்தப் பக்கமாகவே நடந்தான்.

போன வாரம் வரை இந்தத் தொடரில் பாயசம், பந்தி என்று எழுதிக்கொண்டிருந்தேன். இந்த விஷயத்தை எழுதும் எண்ணம் இல்லை. செல்வராஜைக் கேட்டேன். என் பெயரைப் போட்டே எழுதுங்கள் என்றான்.

அட்மின் சார், அன்று மைக்கில் உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றீர்கள். இப்போது மைக்கில் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன் என்கிறீர்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. எது பொய் என்று சொல்லுங்கள். என் மெஸ்ஸுக்கு வந்து தனியாகச் சொல்ல வேண்டாம், போனிலும் வேண்டாம். எல்லாரும் கேட்கச் சொன்னதற்குப் பதிலை எல்லாரும் படிக்கச் சொல்லுங்கள். இதே பத்திரிகையில் இடம் தருவதாக ஆசிரியர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்காக ஒரு வரியும் எழுத வேண்டாம். செல்வராஜ் வீட்டில் படித்துக் காட்டுகிற மாதிரி எழுதுங்கள். அது என்ன என்று அவனுக்குத் தெரியாது, பச்சைப் புள்ளி வைத்தது நான் என்று எழுதுங்கள்.

உங்கள் பெயரை இங்கே அடித்துவிட்டார்கள். அங்கே நீங்களே கையெழுத்துப் போடுங்கள்.